முனகிய டிஸ்க்

அம்மா,

போர்வைக்குள் உன் பழைய ஹார்ட் டிஸ்க்கை என் லேப்டாப்பில் செருகினேன். டிக், டிக் என்றது. பயந்து உடனே பிடுங்கிவிட்டேன். உன் நீல ஸ்வெட்டரில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். அப்பா அடுத்த அறையில் இருக்கிறார். இது என்னிடம் இருப்பது அவருக்குத் தெரியாது.

டிஸ்க்குகளை ஓடவிட்டுச் சாகும்வரை சோதிப்பதுதானே உன் வேலை. இந்த அமெரிக்க ஊர் பிளெய்ன்ஸ்பரோவின் அபார்ட்மென்ட் சமையலறையில் தோசை வார்த்தபடியே சொல்வாய்: "ஹார்ட் டிஸ்க் சாகறதுக்கு முன்னாடி பெரும்பாலும் முனகும் கண்ணு. இப்ப வர்ற எஸ்எஸ்டி டிஸ்க் மூச்சு விடாம போயிடும். எதையும் நம்பாத, ரெண்டு காப்பி வை." ஒருநாள் அப்பா அதை வீடியோ எடுத்தார். "கேமராவ வெச்சுட்டு வந்து சட்னி அரைங்க" என்று நீ அவரை விரட்டியதும் அதில் இருக்கிறது. உன் குரல் பதிவானது அது ஒன்றில்தான்.

நீ போன நான்காம் மாதம் அப்பா எஸ்எஸ்டி வைத்த புது லேப்டாப் வாங்கி, உன் டிஸ்க்கில் இருந்த எல்லாவற்றையும், அந்த வீடியோவையும், அதற்கு மாற்றினார். பழைய டிஸ்க்கைக் கோயம்புத்தூர் போகிற செல்வம் அங்கிளிடம் சித்தப்பாவுக்குக் கொடுத்தனுப்ப எடுத்து வைத்தார்.

"இதுல சுத்தற பார்ட்டே இல்லீங்க. சாகவே சாகாது" என்று அங்கிளிடம் பெருமை வேறு.

"அப்பா, அம்மா ரெண்டு காப்பி வைக்கச் சொன்னாங்க."

"அதான் காப்பி பண்ணிட்டேனே கண்ணு. இத அழிச்சுட்டுக் குடுத்தா சித்தப்பாவுக்கு யூஸ் ஆகும்."

அழிச்சுட்டு! எப்படி வாய் வந்தது அவருக்கு? அன்றே எடுத்து ஒளித்துவிட்டேன். அப்பா வீடெல்லாம் தேடினார். கடைசியில் அங்கிள் டிஸ்க் இல்லாமல், சித்தப்பாவுக்கு வெறும் பாதாம் பொட்டலத்தோடு விமானம் ஏறினார்.

இந்த வாரம் புது லேப்டாப் செத்துவிட்டது. ஒரு டிக் கூட இல்லை. உள்ளே இருந்த எதையும் மீட்க முடியாது என்று கடைக்காரர் கைவிரித்துவிட்டார். அப்பா பார்க்கிங்கில் காரைவிட்டு இறங்காமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். பழைய டிஸ்க் என்னிடம் இருப்பதை அப்போதும் நான் சொல்லவில்லை. திருடி என்பாரோ என்று பயம். இதுவும் என் கையில் செத்துவிடுமோ என்பது அதைவிடப் பெரிய பயம்.

கோபம் அவர்மேல் மட்டும் இல்லை அம்மா. கண்ட டிஸ்க்கின் முனகலையெல்லாம் காது வைத்துக் கேட்டாயே, மாடிப்படியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்ற உன்னை நான் பார்த்தபோது என்ன சொன்னாய்? "ஒண்ணுமில்ல கண்ணு, அசதி. அப்பாகிட்ட சொல்லாத."

நானும் சொல்லவில்லை. அந்த நெஞ்சுதான் உன்னைக் கொண்டுபோனது. இது என்ன நியாயம்? இந்த இரும்புப் பெட்டிக்கு இருக்கும் நேர்மை உனக்கு இல்லாமல் போய்விட்டதே.

"சத்தம் கேட்டா திரும்பத் திரும்பப் போட்டுப் பாக்காத. மொதல்ல காப்பி எடு" என்பாய். இந்த டிஸ்க் இன்னும் ஒரே ஒரு தடவைதான் சுற்றுமோ என்னவோ. உன் குரலைக் கேட்கும் ஆசையில் அந்த ஒரு தடவையை நான் தனியாக வீணாக்க மாட்டேன்.

டிஸ்க்கை ஸ்வெட்டரோடு எடுத்துக்கொண்டு அப்பாவின் கதவைத் தட்டப் போகிறேன். திட்டினால் திட்டட்டும். நீ சொல்லாதே என்றதையும் சேர்த்தே சொல்லிவிடுவேன்.