சார்ஜருக்கு ஓர் இடம்

அக்டோபர் 1, புதன்

காலையிலிருந்தே தூறல். ஆயுத பூஜை, வேலைக்கு லீவு. குடியிருக்கும் கோலியைக் கழுவி விட்டேன். இருப்பது ஒரே அறையும் மேலே பரண் மாதிரி ஒரு பலகை மாளாவும், கழுவ எவ்வளவு நேரம். டூல்ஸ் எல்லாம் சாமி முன்னால்: சுத்தியல், லெவல், பிட் டப்பா, கார்ட்லெஸ் டிரில், பேட்டரி, சார்ஜர்.

பேட்டரி போன வாரம் விக்ரோலி வேலையில் ஏணியிலிருந்து விழுந்து மேல் ஓடு கீறல் விட்டது. கறுப்பு டேப் சுற்றி ஓட்டுகிறேன். அடிபட்டதாயிற்றே என்று அதற்குச் சந்தனம் கூடவே அப்பினேன், டேப் விளிம்பெல்லாம். செம்புத் தண்ணீரும் தாராளம்.

என் மனைவி செல்வி: "கரண்டு சாமான்ல இவ்வளவு தண்ணியா தெளிப்பாவ?"

"சாமி காரியத்துல வாய வைக்காத."

சுண்டலில் உப்புக் குறைவு. சொல்லவில்லை.

அக்டோபர் 2, வியாழன்

நாளை ஐரோலியில் வேலை. டி.வி. பிராக்கெட், ஜன்னல் பர்தா ராடு மாட்ட வேண்டும். மாலையில் டூல்ஸைத் துடைத்தேன், ஈரத்துணியால். பேட்டரியை சார்ஜில் போட்டேன். பிளக் இருப்பது கட்டில் பக்கம், வழக்கம்போல ரஜாய்ப் போர்வை மேலேயே சார்ஜர்.

புகைந்துவிட்டது. வெளியே எறிந்தாயிற்று. ரஜாய் போச்சு. செல்விக்குக் கையில் சூடு. பயப்பட ஒன்றுமில்லை. ஐரோலிக்காரருக்கு போன் செய்ய வேண்டும்.

அக்டோபர் 3, வெள்ளி

மழை. எங்கும் போகவில்லை.

நேற்று எழுதியதைப் படித்தேன். எறிந்தாயிற்றாம். எறிந்தது யார்? இதைப் படிக்கிறவன் நான் ஒருவன்தான், அதிலும் மழுப்பல். தூ.

நடந்தது இதுதான். டேப்புக்குள்ளிருந்து 'உஸ்' என்று சத்தம். வெள்ளைப் புகை. அடுத்து பார்த்தால் நான் சந்தில் நிற்கிறேன். காலில் செருப்பு வேறு. மாட்டிக்கொண்டு ஓடியிருக்கிறேன்! உள்ளே செல்வி. மேலே மாளாவில் மகள் பவித்ரா, பாடம் படித்துக்கொண்டு. அவள் இறங்குகிற ஏணி அந்தக் கட்டிலை ஒட்டித்தான் இருக்கிறது.

செல்விதான் பிளக்கைப் பிடுங்கினாள். ரஜாயோடு சேர்த்துச் சுருட்டி, வாசலுக்கு ஓடி வந்து, சந்துச் சாக்கடையில் எறிந்தாள். அப்புறம்தான் அது தீப்பிடித்தது. அவள் வரும்போது நான் ஒதுங்கி வழிவிட்டேன். நான் செய்த காரியம் அது ஒன்றுதான்.

வலது உள்ளங்கை முழுக்கக் கொப்புளம். டாக்டர் கட்டுப் போட்டார். திரும்பும்போது அடுத்த கோலி பாண்டியண்ணன் நின்றார். எங்கள் ஏரியா சங்கத்துக்குச் செயலாளர். "யாருல தூக்கி எறிஞ்சது? சந்தே பத்திருக்குமே!"

செல்வி முந்திக்கொண்டாள். "இவியதாண்ணே. நான் குறுக்க கைய நீட்டிச் சுட்டுக்கிட்டேன்."

அண்ணன் என் முதுகில் தட்டினார். நானும் நின்றேன், மரம் மாதிரி.

அக்டோபர் 5, ஞாயிறு

சமையல் நான். சோறு குழைந்துவிட்டது. அவள் இடக்கையில் ஸ்பூன் பிடித்துச் சாப்பிடுகிறாள். ஊட்டவா என்றேன். வேண்டாமாம்.

பவித்ரா போனில் சிநேகிதியிடம்: "பப்பா தோ பாக் கயே தே." அப்பா ஓடிப்போயிட்டார் என்கிறாள். பரீட்சைத் தேதி சொல்வது போலச் சொல்கிறாள். காது சுட்டது. அதட்ட நினைத்தேன். என்ன சொல்லி அதட்ட?

ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் செல்வியிடம் கேட்டேன், ஏன் அப்படிச் சொன்னாய் என்று.

"பின்ன என்ன சொல்லச் சொல்லுதீய? எம் புருசன் எங்கள விட்டுட்டு ஓடிட்டாவன்னா?"

திட்டியிருந்தால் தேவலை.

அக்டோபர் 8, புதன்

புது பேட்டரி வாங்கினேன். ஐரோலி வேலை முடிந்தது. சுவரில் போட்ட ஓட்டை தள்ளிப்போய், ராடு லேசாகக் கோணல். அந்த வீட்டு அம்மா கவனிக்கவில்லை. பாண்டியண்ணன் போன்: ஞாயிற்றுக்கிழமை சங்கத்தில் பேட்டரி பற்றி நான் பேச வேண்டுமாம். மாட்டேன் என்று சொல்லத் தெரியவில்லை. சரி, அங்கேயே எழுந்து நின்று உண்மையைச் சொல்லிவிடுவது.

அக்டோபர் 12, ஞாயிறு

நல்ல வெயில். சங்கத்தில் பேசினேன். கீழே விழுந்து கீறின பேட்டரியைத் தொடாதீங்க. மெத்தை, துணி மேல சார்ஜ் போடாதீங்க. பிட் மாத்தும்போது பேட்டரியைக் கழட்டிருங்க. தண்ணி படக் கூடாது, சாமி தண்ணியா இருந்தாலும். எல்லோரும் சிரித்தார்கள். அட, என்ன சரளம் எனக்கு!

பின்வரிசையில் ஒரு அம்மா கேட்டது: "பொகை வந்துட்டா என்ன செய்யணும்?"

"தொடக் கூடாது. முதல்ல வீட்டுல இருக்கிற எல்லாரையும் வெளியே கூட்டிட்டு..."

எல்லாரையும். அதற்கு மேல் வரவில்லை. இதோ, சொல், இப்போதே சொல் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. நான் உணர்ச்சிவசப்பட்டுவிட்டேன் என்று நினைத்து பாண்டியண்ணன் ஓடி வந்து பொன்னாடை போர்த்திவிட்டார். கைதட்டல். பவித்ரா தட்டவில்லை. செல்வி கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, இடக்கையால் தொடையில் தட்டினாள்.

பொன்னாடையோடு வீடு வரைக்கும் நடந்தேன். எவ்வளவு கேவலமான பிறவி.

அக்டோபர் 13, திங்கள்

செல்விக்குக் கட்டுப் பிரித்தாயிற்று. தோல் இன்னும் சிவப்பு.

சார்ஜரைக் கட்டிலிலிருந்து மாற்றிவிட்டேன். வாசலை ஒட்டி, டைல்ஸ் தரையில். ஒயர் இழுத்துப் புது பிளக் வைத்தேன். பக்கத்தில் துணி, காகிதம் எதுவும் இல்லை. ஏதாவது என்றால் காலால் ஒரு தள்ளு, சந்துக்குப் போய்விடும். வேலை சுத்தம். செல்வியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

சார்ஜரைப் பார்த்தாள். வாசலைப் பார்த்தாள்.

"இங்ஙன பொகைஞ்சா, நீங்க எப்படி வெளிய ஓடுவீய?"

கேலி இல்லை. நிஜமாகவே யோசித்துக்கொண்டு நின்றாள்.