இருட்டுத் தட்டு

பிர்னோ,
மார்ச் 9, வியாழன்

பெருமதிப்பிற்குரிய மிலாதா அம்மையாருக்கு,

ஓடகர் எழுதுவது. நலமா என்று கேட்க மனம் வரவில்லை. உங்கள் கடிதத்தைப் படித்த பிறகு எப்படிக் கேட்பேன்? எனக்கு முழங்கால் வலி தவிர வேறு குறையில்லை.

போன வாரம் நம் ஆய்வுக்கூடத்துப் பக்கம் போனேன். வாசலில் அந்தச் செருப்பு அலமாரி இன்னும் இருக்கிறது. உங்கள் நீலக் கம்பளிச் செருப்பை ஒருநாள் மாற்றிப் போட்டுக்கொண்டு திரிந்தேனே, நினைவிருக்கிறதா? "ஏன் ஓடகர், ஒங்களுக்கு என்ன கரடிக் காலா? பாருங்க, செருப்பு பீப்பா மாதிரி ஆயிடுச்சு!" என்று சாயந்திரம் வரை திட்டினீர்கள். மத்தியானம் பிளம் பழம் வைத்த உருண்டைகளைச் சூடாக்கி, எனக்கு இரண்டு, உங்களுக்கு ஒன்று என்று பங்கு போட்டதும் நீங்கள்தான். இருபது வருடம் ஓடிவிட்டது. அந்த நாட்களை நினைத்தால் ஏக்கமாக இருக்கிறது.

நம் மருந்தையும் நினைத்துக்கொண்டேன். அதில் பிளாட்டினம் தூங்கிக்கொண்டிருக்கும். செல்லுக்குள் போன பிறகு நீல வெளிச்சம் பட்டால்தான் மூடி கழன்று விழித்துக்கொள்ளும். டிஎன்ஏவைப் பிடித்து முறுக்கிப் புற்றுச் செல்லைக் கொல்லும். அதற்காகத்தான் சன்னலில் கறுப்புத் திரையும் சிவப்பு விளக்கும். புற்றுச் செல்களும் மருந்தும் விட்ட ஒரு தட்டுக்கு வெளிச்சம் காட்டுவோம், இன்னொன்றை இருட்டில் வைப்போம். இருட்டுத் தட்டில் செல்கள் பிழைத்திருக்க வேண்டும்.

அந்த ஜனவரியில் இருட்டுத் தட்டும் செத்துப்போனது. நம் தலைவர் டாக்டர் ஹனாக் உங்களைக் கூப்பிட்டு, "தானாவே முழிச்சுக்கிற மருந்த யாருக்கும்மா ஏத்தறது? தயாரிப்புல ஒங்க கை எங்கியோ பெசகிடுச்சு" என்றார். உங்கள் மூன்று வருட உழைப்பை மூட்டை கட்டினார். பனி உருகுவதற்குள் நீங்கள் வேலையை விட்டு ஓலொமோட்ஸ் ஊருக்குப் போய்விட்டீர்கள்.

இப்போது, உங்கள் புற்றுநோய்க்குத் திங்கட்கிழமை பிளாட்டினம் ஏற்ற அங்கே ஆஸ்பத்திரி டாக்டர் வரச் சொல்கிறார், நம்பிக்கை இருக்கிறது என்கிறார், ஆனால் போகப்போவதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். "எனக்கும் அதுக்கும் ராசியில்ல ஓடகர். என் கை பட்டதே வெளங்கல, ஒடம்புல ஏறினா மட்டும் வெளங்கிடுமா?" வேதியியல் படித்தவர் பேசுகிற பேச்சா இது? இரண்டு நாளாக எனக்குச் சோறு தண்ணி இறங்கவில்லை.

ஏனென்றால் உங்கள் கை பிசகவில்லை, மிலாதா. பிசகியது நான்.

அன்று இருட்டுத் தட்டில் மருந்தை விட்டுவிட்டு, மூடாமல், திரையைக் கொஞ்சம் விலக்கினேன். நீங்கள் வரும் நேரம். தினமும் பார்ப்பேன். அன்று பார்த்து முற்றத்தில் அந்தத் தபால்காரனோடு நின்று கால் மணி நேரம் சிரித்துக்கொண்டிருந்தீர்கள்! வெளியே பனி, வெயில், கண் கூசும் வெளிச்சம். எல்லாம் தட்டின் மேல் விழுந்தது. டாக்டர் ஹனாக் கேட்டபோது வாயைத் திறந்திருக்க வேண்டும். ஏன் திரையை விலக்கினாய் என்பாரே என்று பயந்து வாயை மூடிக்கொண்டேன். பாவி நான். உங்கள் மருந்து நல்ல மருந்து. சொன்னபடி இருட்டில் தூங்கியது, வெளிச்சத்தில் விழித்தது.

டாக்டர் ஹனாக்குக்கும் இன்று எல்லாவற்றையும் எழுதிப் போட்டுவிட்டேன்.

திங்கட்கிழமை ஏற்றப்போவது பழைய மருந்து. அது விழிக்க வெளிச்சம் வேண்டாம். செல்லுக்குள் உப்பு குறைவு, தண்ணீர் பட்டதும் தானே விழித்துக்கொள்ளும். எனக்கு இதைச் சொல்லித் தந்ததே நீங்கள்தானே. போய்ப் படுத்துக்கொள்ளுங்கள், கெஞ்சிக் கேட்கிறேன்.

அன்று காலை ரயிலில் நானும் வருகிறேன். நம் நாட்டு வழக்கப்படி பெண்தான் முதலில் ‘நீ’ என்று கூப்பிட வேண்டும். இத்தனை வருடம் நீங்கள் கூப்பிடவில்லை. திட்டுவதற்காவது கூப்பிடுங்கள்.

மருந்துப் பையை வெளிச்சம் படாமல் நர்சு மூடிக்கொள்ளட்டும். சன்னல் திரையை மட்டும் விலக்கி வைக்கச் சொல்லுங்கள். முற்றத்தில் நான் வருவதை இந்த முறை நீங்கள் பாருங்கள்.

உங்கள்,
ஓடகர்