இரண்டு மணிக்கு நிற்கும் பாட்டு

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் இருக்கிறோம், என் முழங்கால் வலியும் அவர் பிடிவாதமும் போன கடிதத்தில் இருந்த அளவிலேயே இருக்கின்றன. நீ நன்றாக இருக்கிறாயா என்று முதல் வரியிலேயே கேட்பதுதான் வழக்கம். கேட்டால் நல்லா இருக்கேம்மா என்று நீயும் வழக்கம்போலச் சொல்வாய். அதனால் இந்தத் தடவை அந்தக் கேள்வியைக் கடைசிக்குத் தள்ளி வைத்திருக்கிறேன். ஃபோன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். ஃபோனை அப்பா ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறார், நான் ஒன்று சொல்வதற்குள் அவர் ஒன்பது சொல்கிறார், நீயும் சரிம்மா, சரிப்பா என்று ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்துவிட்டு வைத்துவிடுகிறாய். கடிதம் என்றால் நடுவில் வைக்க முடியாது, அதுதான் காரணம். போதாததற்கு, நான் வேலை பார்க்கிற பல் கிளினிக்கில் டாக்டர் இப்போது இரண்டு பேர் ஆகிவிட்டார்கள், வரவேற்பு மேசையில் இன்னும் நான் ஒருத்திதான். யாருக்கு எத்தனை மணிக்கு என்று எழுதி எழுதி, வீட்டுக்கு வரும்போது வாயைத் திறக்கக்கூடத் தெம்பு இருப்பதில்லை. காலை ஸ்டூலில் தூக்கி வைத்துக்கொண்டு எழுதுகிறேன், கையெழுத்து கோணினால் பொறுத்துக்கொள்.

நீ அனுப்பிய, ஸ்பீக்கரில் பாட்டுப் போடுகிற அந்தச் சின்னப் பெட்டி வந்த நாளிலிருந்து நம் முன்னறை முன்னறையாக இல்லை. பெட்டியாவது பரவாயில்லை, கூடவே ஒரு பக்கம் குறிப்பு எழுதி அனுப்பினாயே, அதுதான் வினை. ஸ்பீக்கரைச் சுவரோடு ஒட்டி வைக்கக் கூடாது, ஒரு கை நீளம் முன்னால் இழுக்க வேண்டும். இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவே எவ்வளவு இடைவெளியோ அதே தூரத்தில்தான் கேட்கிறவர் உட்கார வேண்டும். ஸ்பீக்கரின் மேல் வட்டம் காது உயரத்துக்கு வர வேண்டும். ப்ளூடூத் கூடாது, எல்லாம் வயரில்தான். பாட்டுக்குப் பாட்டு சத்தத்தைத் தானே கூட்டிக் குறைக்கிற பட்டனை அணைத்துவிட வேண்டும். லாஸ்லெஸ் என்று இருப்பதைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும், அப்போதுதான் ஒன்றும் விட்டுப்போகாமல் ஸ்டூடியோவில் பாடினபடியே வரும். நீ எழுதியதை அப்பா சட்டமாகவே எடுத்துக்கொண்டார். என் தையல் டேப்பை எடுத்து அளந்தார், தரையில் கறுப்பு டேப்பை வெட்டி வெட்டி அடையாளம் ஒட்டினார். எதிரொலிக்கிறது என்று படுக்கையறைக் கம்பளத்தை உருவிக்கொண்டு வந்து நடுவில் விரித்தார். சோஃபா மூலைக்குப் போய்விட்டது, நடுவில் ஒற்றை நாற்காலி. வந்தவர்களை எங்கே உட்கார வைப்பது என்று கேட்டேன், ஏன் வரணும் என்றார். என் முழங்கால் இதுவரை நான்கு தடவை ஸ்பீக்கரில் இடித்திருக்கிறது.

ஆனால் பொய் சொல்ல மாட்டேன். முதல் நாள் அந்த நாற்காலியில் உட்கார்ந்து கேட்டபோது, பாடுகிறவர் அடுத்த வரிக்கு மூச்சு இழுப்பது கேட்டது. வயலின்காரர் வில்லைத் திருப்புவது கேட்டது. இத்தனை வருஷமாகக் கேட்ட பாட்டுதான், அதில் இவ்வளவு பேர் இருந்தார்களா என்று இருந்தது. மத்தியானம் கிளினிக் முடிந்து வந்து, சாப்பிட்டு, இரண்டு மணிக்கு அந்த நாற்காலியில் அரை மணி நேரம். ஒரு நாளில் எனக்கென்று இருப்பது அந்த அரை மணி நேரம்தான். அப்பா உள்ளே படுத்திருப்பார். பாட்டு ஓடுகிறவரை அசையாமல் தூங்குவார், நின்றால் எழுந்து வந்துவிடுவார்.

நின்றது, அதுதான் விஷயம். ஒரே வாரத்தில் பாட்டு பாதியில் நிற்க ஆரம்பித்தது. சாயங்காலம் ஆறு மணி சுமாருக்குத் தினமும் நிற்கும், ஞாயிற்றுக்கிழமையானால் எட்டரைக்கு நிற்கும். முப்பத்தொரு வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவரை ஒரு பெட்டி ஏய்க்கலாமா? அப்பா நோட்டுப் போட்டுவிட்டார். தேதி, நின்ற நேரம், காரணம் என்று மூன்று பத்தி. காரணத்தில் முதலில் வயர் என்று எழுதினார், வயரை மாற்றினார். அப்புறம் மின்சாரம் என்று எழுதினார், எலக்ட்ரீஷியனைக் கூட்டி வந்தார். அந்த மனிதர் எல்லா ஸ்விட்ச்சையும் கழற்றிப் பார்த்துவிட்டு, டீயும் குடித்துவிட்டு, பார்ப்போம் சார் என்று போனார். அப்புறம் மழை. மழையே இல்லாத வாரத்தில் ஈரப்பதம். ஒருநாள் நான் சமையலறையில் மிக்ஸி போடுவதுதான் காரணம் என்று எழுதி வைத்திருந்தார். அதற்கு நான் இரண்டு நாள் பேசவில்லை. எட்டு மாதம் தம்பி, எட்டு மாதம் அந்த மனிதர் முட்டி போட்டு உட்கார்ந்து வயர் வயராகத் தடவிக்கொண்டிருந்தார்.

எனக்குக் காரணம் முதல் நாளே தெரியும். இதை எழுதத்தான் இவ்வளவு சுற்றிக்கொண்டிருக்கிறேன். பாட்டு போடுகிற ஃபோன் என் கையில்தானே இருக்கிறது. அப்பாவுக்கு அது வெறும் ரிமோட், கண்ணாடி போட்டுக்கொண்டு அதை ஒரு நாளும் பார்த்ததில்லை. முதல் தடவை நின்றபோதே அதில் எழுத்து வந்தது, வேறு இடத்தில் பாட்டு ஓடுகிறது, சமையலறை என்று. நம் சமையலறையில் ஏது ஸ்பீக்கர் என்று எட்டிக்கூடப் பார்த்தேன். பிறகுதான் உறைத்தது, அது உன் சமையலறை. பாட்டு ஆப்பில் உன் கணக்கைத்தான் எங்களுக்கும் போட்டுக் கொடுத்திருந்தாய், ஒரு கணக்கில் ஒரே இடத்தில்தான் பாடும் போலிருக்கிறது. நீ அங்கே போட்டால் இங்கே நிற்கும். எங்களுக்குச் சாயங்காலம் ஆறு, உனக்குக் காலை ஏழரை. என் பிள்ளை எழுந்துவிட்டான், அடுப்பில் தண்ணீர் வைத்திருக்கிறான், வேலைக்குக் கிளம்பப் போகிறான். ஞாயிற்றுக்கிழமை எட்டரை என்றால் பத்து மணி வரைக்கும் நன்றாகத் தூங்கியிருக்கிறான். உன்னைப் பெற்றவளுக்கு இதைவிட என்ன வேண்டும்? அப்பாவிடம் சொன்னால் உடனே உன்னிடம் சொல்வார், நீ உடனே சரி செய்துவிடுவாய். அதனால் சொல்லவில்லை. அவர் முட்டி தேயட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். பாவம்தான், எனக்கும் உறுத்தியது, ஆனாலும் சொல்லவில்லை.

கடைசியாகக் கேட்ட பாட்டுகள் என்று ஒரு வரிசை அந்த ஃபோனிலேயே வரும். உன் பாட்டு எது, மருமகள் பாட்டு எது என்று எனக்குத் தெரியும். அவளுடையது டமடமவென்று அடிக்கிற வகை, கேட்டாலே எனக்குத் தலை சுற்றும். நான்கு மாதத்துக்கு முன்னால் அந்த வரிசையிலிருந்து அவள் பாட்டு நின்றுபோனது. ஒன்றுகூட இல்லை. அதற்கு அடுத்த வாரத்திலிருந்துதான் மத்தியானம் இரண்டு மணிக்கும் பாட்டு நிற்க ஆரம்பித்தது. விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன், இங்கே இரண்டு என்றால் அங்கே விடியற்காலை மூன்றரை. அந்த நேரத்தில் சமையலறையில் உட்கார்ந்துகொண்டு ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருக்கிறாய். ஃபோனில் அவளைக் கூப்பிடு என்றால் குளிக்கிறாம்மா என்கிறாய். இன்னொரு நாள் கேட்டாலும் குளிக்கிறாள். நான்கு மாதமாக ஒரு பெண் எவ்வளவுதான் குளிப்பாள், சொல்லு.

நான் கேட்கவில்லை. வாய் வரைக்கும் வரும், பக்கத்தில் அப்பா இருப்பார், முழுங்கிவிடுவேன். தினமும் இரண்டு மணிக்குப் பாட்டைப் போட்டுவிட்டு, நிற்கக் கூடாது நிற்கக் கூடாது என்று உட்கார்ந்திருப்பேன். நிற்காத நாளில் எனக்கு நிம்மதி, இன்றைக்குத் தூங்கிவிட்டான் என்று. நின்ற நாளில் அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்திருப்பேன், அப்பா எழுந்து வந்து ஸ்க்ரூடிரைவரைத் தேடுவார். சில நாள் அழுகை வந்துவிடும், பாட்டுக்குத்தான் அழுகிறேன் என்று அவர் நினைத்துக்கொள்வார். அலுத்துப்போய்விட்டது தம்பி. வேலை செய்து அலுப்பதுகூடப் பரவாயில்லை, தெரிந்தும் தெரியாத மாதிரி இருப்பது அதைவிட அலுப்பாக இருக்கிறது.

அப்புறம் நடந்தது உனக்கே தெரியும். ஆறு வாரத்துக்கு முன்னால் அப்பா உன்னிடம் ஃபோனில் சொல்லிவிட்டார், ஆறு மணிக்கும் நிக்குது, மத்தியானம் ரெண்டு மணிக்கும் நிக்குது, ரெண்டு மணியைக் குறிச்சுக்கோ என்று. ரெண்டு மணிக்குமா என்று நீ ஒரு தடவை கேட்டாய். பிறகு, அது என் தப்புப்பா, நானே சரி பண்ணிடறேன் என்றாய். மறுநாளே எங்களுக்கென்று தனிக் கணக்கு வந்துவிட்டது. இப்போது பாட்டு நிற்பதே இல்லை. அப்பா நோட்டில் சரிசெய்யப்பட்டது என்று எழுதிக் கோடு போட்டுக் கையெழுத்தும் போட்டுவிட்டார், லிஃப்ட் கம்பெனியில் செய்கிற மாதிரி. பக்கத்து வீட்டு வாத்தியாரைக் கூட்டி வந்து நாற்காலியில் உட்கார வைத்துக் கேட்கச் சொன்னார். நான் இரண்டு மணிக்கு உட்காருகிறேன், முதலிலிருந்து கடைசி வரை ஓடுகிறது, மூச்சு கேட்கிறது, வில் கேட்கிறது. நீ எழுந்தாயா, தூங்கினாயா, ஒன்றும் கேட்கவில்லை. பாட்டில் எதுவும் விட்டுப்போகக் கூடாது என்று பெட்டி அனுப்பினாய், உன் விஷயத்தில் மட்டும் பாதிக்கு மேல் விட்டுவிட்டுச் சொல்கிறாய்.

போன வாரம் அந்த நோட்டை எடுத்துப் பார்த்தேன். இரண்டு மணி என்று எழுதிய வரிகள் முப்பத்தெட்டு இருக்கின்றன. மற்ற எல்லாவற்றுக்கும் எதிரே வயர், மழை, மிக்ஸி என்று ஏதாவது எழுதியிருக்கிறார், இந்த முப்பத்தெட்டுக்கு எதிரே மட்டும் ஒன்றும் எழுதவில்லை. எதையும் காலியாக விடுகிற மனிதர் இல்லை அவர். அவருக்கும் தெரிந்திருக்குமோ, அதனால்தான் இரண்டு மணி இரண்டு மணி என்று உன்னிடம் அழுத்திச் சொன்னாரோ என்று இப்போது நினைக்கிறேன். கேட்கவில்லை. அந்த வரிகள் இருக்கிற பக்கங்களைக் கிழித்து இத்துடன் வைத்திருக்கிறேன், பார்.

நேற்று ஒரு காரியம் செய்தேன், கோபித்துக்கொள்ளாதே. உன் பழைய கணக்கின் கடவுச்சொல்லை முன்பு நீ சொல்லச் சொல்ல நாள்காட்டி அட்டையின் பின்னால் எழுதி வைத்திருந்தேன். மாற்றியிருப்பாய் என்று நினைத்துத்தான் ஃபோனில் அடித்துப் பார்த்தேன், திறந்துகொண்டது. இன்னும் உங்கள் கல்யாணத் தேதியேதான். மணி இரண்டேகால், சமையலறையில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. ஒரு பட்டனை அழுத்தியிருந்தால் அங்கே நின்றிருக்கும். சொல்லாமல் நிறுத்துவது நியாயமில்லை என்று விட்டுவிட்டேன். அவள் போய்விட்டாளா, சண்டையா, யார் மேல் தப்பு என்றெல்லாம் நான் விசாரணை வைக்கப் போவதில்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றும்போது சொல். யாருக்குத் தலைகுனிவு என்று நினைத்து மறைக்கிறாயோ, அந்த இரண்டு பேரில் ஒருத்தி எப்போதோ தெரிந்துகொண்டு உயிரோடுதான் இருக்கிறாள், இன்னொருவர் காரணம் எழுதாமல் விட்டிருக்கிறார்.

இது உன் கைக்கு வரப் பத்து நாள் ஆகும். தபாலை நம்ப முடியாது, பதினைந்து என்று வைத்துக்கொள்கிறேன். பதினாறாம் நாளிலிருந்து மத்தியானம் இரண்டு மணிக்கு உன் கணக்கில்தான் நான் பாட்டுப் போடுவேன். நீ சமையலறையில் உட்கார்ந்திருந்தால் உன் பாட்டு நின்றுவிடும். வயரைப் பார்க்காதே, அம்மா போய்ப் படு என்கிறாள் என்று விளக்கை அணைத்துவிட்டுப் போய்ப் படு. அப்படியும் முடியவில்லை என்றால் மறுபடி நீயே போடு, என் பாட்டு நிற்கும், அடுத்த நிமிஷம் உன் ஃபோன் அடிக்கும். பாட்டு நின்றதும் அப்பா எழுந்து வருவார், அவரை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு நான் உள்ளே போய்ப் பேசுகிறேன்.

வேளைக்குச் சாப்பிடு, நின்றுகொண்டே சாப்பிடாதே. போன குளிருக்கு அனுப்பிய ஸ்வெட்டரைப் போட்டுக்கொள். நீ எங்கே இருந்தாலும் மனசும் உடம்பும் திடமாக இருக்க வேண்டும் என்று விளக்கேற்றும்போதெல்லாம் கேட்டுக்கொள்கிறேன், அவளுக்கும் சேர்த்துத்தான் கேட்கிறேன். கடவுச்சொல்லை மாற்றிவிடாதே.

முதல் வரியில் கேட்காமல் வைத்ததை இப்போது கேட்கிறேன். தம்பி, நீ நன்றாக இருக்கிறாயா?

இப்படிக்கு,
இரண்டு மணிக்கு நாற்காலியில் இருக்கும்
அம்மா