வெடித்தது உன் மீட்டர் இல்லை, அண்ணா

என் செல்ல அண்ணா,

நேற்று உன் பழைய முதலாளியை நாலு பேர் முன்னால் தலைகுனிய வைத்தேன். முதலில் உனக்குத்தான் சொல்ல வேண்டும் என்று முத்தியால்பேட்டை வீட்டுக்கு வந்ததும் பேனாவை எடுத்துவிட்டேன்.

கரண்ட் பார்க்க நீ வடிவமைத்த மல்டிமீட்டர் வெடித்து ஒரு எலக்ட்ரீஷியனுக்குக் கை வெந்தபோது, பழியை உன்மேல் போட்டுத்தானே அந்த ஆள் உன்னை வெளியே அனுப்பினான்? அப்புறம் புதுச்சேரியில் ஒரு கம்பெனியும் உன்னைச் சேர்க்கவில்லை. ஒருதடவை திறந்து பாருங்கள் என்று எத்தனை பேரிடம் கெஞ்சினாய்? அந்தக் கவலையிலேயே போய்ச் சேர்ந்துவிட்டாய். அவன் மட்டும் அதே மீட்டரை வேறு பெயரில் விற்றுக்கொண்டிருந்தான்.

நானும் உன் தொழிலுக்கே வந்துவிட்டேன், தெரியுமா? இங்கேயே சாரம் பக்கம் ஒரு சின்னக் கம்பெனியில் மீட்டர் வடிவமைக்கிறேன். உன் வழக்கத்தை விடவில்லை. ரெசிஸ்டன்ஸ் பார்த்த கையோடு, குமிழைத் திருப்ப மறந்து அப்படியே கரண்ட் ஓடும் கம்பியில் வைத்துவிடுவது எலக்ட்ரீஷியன்கள் எல்லாரும் செய்கிற தப்பு. அந்தத் தப்பை நீயே செய்து பார்த்து, மீட்டர் பிழைத்தால்தான் வெளியே அனுப்புவாய்.

நேற்று ஒரு ஆலையில் மீட்டர் வாங்க எங்கள் கம்பெனியையும் அவன் கம்பெனியையும் கூப்பிட்டிருந்தார்கள். அந்தச் சோதனையைச் செய்யச் சொன்னதே நான்தான்.

"கையில பிடிக்காதீங்க சார், மேசை மேல வச்சுட்டு சுவிட்சப் போடுங்க" என்று ஆலை ஃபோர்மேனிடம் சொன்னேன்.

என் மீட்டருக்கு ஒன்றும் ஆகவில்லை. அவனுடையது பட்டென்று வெடித்துப் புகைந்தது.

அது பழைய இன்ஜினியர் போட்ட டிசைன் என்று உடனே ஆரம்பித்துவிட்டான். செத்த பிறகும் உன்னை விடவில்லை, பார். ஃபோர்மேனிடம் அந்த மீட்டரின் மூடியைக் கழற்றச் சொன்னேன். அதிகக் கரண்டைத் தாங்க நீ வைத்த பாகத்துக்கு உள்ளே இடம் அப்படியே இருந்தது. பாகத்தைத்தான் காணோம். செலவைக் குறைக்க எடுத்திருக்கிறான்.

"எங்கண்ணன் எடம் விட்டுத்தான் வச்சிருக்காரு. காலியா வித்தது நீங்க."

வாசல்வரை என் பின்னாலேயே வந்தான்.

"போனவனுக்காக என் பொழப்பக் கெடுக்கறியேம்மா" என்றான்.

உன் பிழைப்பைக் கெடுத்தவன் கேட்கிறான். எனக்கு மனசு குளிர்ந்தது. அப்படிக் குளிர்ந்தது தப்பா, அண்ணா?

இனி அவன் எங்கே மீட்டரை எடுத்து வைத்தாலும் அங்கே போய் நிற்பேன். எல்லார் முன்னாலும் மூடியைக் கழற்றச் சொல்வேன். போகட்டும் விடு என்று கனவில்கூட வந்து சொல்லாதே. நீ சொன்னாலும் கேட்க மாட்டேன்.

உன்னை யாரிடமும் விட்டுக்கொடுக்காத
உன் தங்கச்சி கலா