கட்டைவிரலில் மீன்

ஜூலை 8, செவ்வாய்

அத்தை தூங்கிவிட்டாள். போர்வைக்குள் டார்ச்சை வைத்துக்கொண்டு எழுதுகிறேன். இது கணக்கு நோட்டின் கடைசிப் பக்கம். இதை யாரும் புரட்ட மாட்டார்கள். கணக்கு டீச்சரே புரட்டுவதில்லை.

இன்று வீட்டுக்கு வீடு நகரசபையின் துண்டுப் பிரசுரம் வந்தது. ‘இருபது ஆண்டுக் குப்பைத் திட்டம்: உங்கள் ஊர், உங்கள் கை’. அட்டையில் ஊர் வரைபடம். அதன்மேல் ஒரு கை, கட்டைவிரலால் ஒரு பச்சைப் பொட்டை அழுத்திக்கொண்டிருக்கிறது.

அது என் கை.

உள்ளே எழுதியிருக்கிறது: குப்பை பிரிக்கும் நிலையத்துக்கு மக்கள் அதிகம் தேர்ந்தெடுத்த இடம், எங்கள் தெருவுக்குப் பின்னால் இருக்கும் மைதானம். ஊர்க் குப்பை முழுவதும் லாரி லாரியாக அங்கே வரும். நாங்கள் பந்து விளையாடும் இடம். அம்மா துணி காயப்போடும் கம்பி வேலி. எங்கள் சமையலறை ஜன்னலைத் திறந்தால் அதுதான் தெரியும்.

அப்பா கடையிலிருந்து பூதக்கண்ணாடியைக் கொண்டுவந்து அந்தக் கையைப் பார்த்தார். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவருக்கு எதையும் வெறும் கண்ணால் பார்க்கத் தெரியாது.

“விரல்ல என்னமோ ஒட்டியிருக்கு. பேண்டேஜ். அதுல... மீனா அது?”

“மீனோ முதலையோ, சாப்பிட வாங்க” என்றாள் அம்மா.

அப்பா அதைச் சுவரில் பசை வைத்து ஒட்டிவிட்டார். “இந்தக் கை யாருதுன்னு தெரியட்டும். அப்புறம் இருக்கு.”

நான் கையைத் தட்டுக்கு அடியில் வைத்துக்கொண்டேன். இடது கையால் சாப்பிட முடியாதே. பசிக்கவில்லை என்று சொல்லி எழுந்துவிட்டேன்.

ஜூலை 9, புதன்

மீன் பேண்டேஜ் டப்பாவை அலமாரியிலிருந்து எடுத்து என் பழைய ஷூவுக்குள் ஒளித்துவிட்டேன்.

ஜூலை 10, வியாழன்

நடந்ததை ஒழுங்காக எழுதிப் பார்க்கிறேன். எழுதினால் புரியுமா என்று பார்க்கலாம்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை. கணக்கு ஸ்பெஷல் கிளாஸ். கணக்கு டீச்சர் வரவில்லை. புவியியல் டீச்சர் வந்து, “சும்மா உக்காந்து கொட்டாவி விடறதுக்குப் பதிலா என் கூட வாங்க” என்று எங்களில் ஐந்து பேரை நகரசபை மண்டபத்துக்குக் கூட்டிப்போனார். மேசை நிறைய வரைபடம். சுற்றிலும் பெரியவர்கள். வரைபட அக்கா (அவர் நகரசபை இன்ஜினியர், நாங்கள் வைத்த பெயர்) விளக்கிக்கொண்டிருந்தார். நான் அப்போது தண்ணீர் பிடிக்கப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது இரண்டு தட்டுகள் இருந்தன. ஒன்றில் பச்சைப் பொட்டுகள், ஒன்றில் சிவப்பு.

பச்சை என்றால் என்ன என்று நான் கேட்கவில்லை. பச்சையைப் போய் யாராவது கேட்பார்களா? பச்சை என்றால் மரம், புல். பச்சையாகவே இருக்கட்டும் என்று அர்த்தம். அப்படித்தானே? அதனால் எங்கள் மைதானத்தில் வைத்தேன்.

“அப்படியே விரலை எடுக்காதம்மா” என்று ஒருவர் போட்டோ எடுத்தார். முதல் பொட்டு என்னுடையதுதான்.

பச்சை என்றால் ‘இங்கே நிலையம் வைக்கலாம்’ என்று அர்த்தமாம். பிரசுரத்தைப் படித்த பிறகுதான் தெரிந்தது.

ஆனால் எனக்குப் பிறகு அத்தனை பேர் ஏன் அங்கேயே வைத்தார்கள்? அவர்கள் விளக்கத்தைக் கேட்டவர்கள்தானே. அவர்களுக்கு எங்கள் தெரு மேல் என்ன கோபம்? அல்லது நான் முதலில் வைத்ததால், ஆடு மாதிரி பின்னாலேயே வந்தார்களா? அப்படியென்றால் எல்லாம் என்னால்தான்.

எழுதிப் பார்த்தும் புரியவில்லை.

ஜூலை 11, வெள்ளி

தெருக்காரர்கள் எங்கள் முன்னறையில் கூடினார்கள். நாற்காலி போதாமல் என் படிப்பு மேசையில்கூட ஒருவர் உட்கார்ந்துகொண்டார். எல்லோரும் சுவரில் இருந்த கையைப் பார்த்தார்கள்.

“காசு வாங்கின கை” என்றார் ஒருவர்.

“சின்னப் பிள்ளை கை மாதிரி இருக்குங்க.”

“அதான் சொல்றேன். பிள்ளைங்களுக்கு மிட்டாய் குடுத்து ஒட்ட வச்சிருக்கானுங்க. விவரமான ஆளுங்க.”

அப்பா எழுந்து பேசினார். நன்றாகத்தான் பேசினார். அடுத்த வாரம் சனிக்கிழமை நகரசபைக் கூட்டத்தில் அந்தக் கைக்குச் சொந்தக்காரரை மேடைக்கு அழைக்க வேண்டும் என்று கேட்கப்போகிறாராம். எல்லோரும் கைதட்டினார்கள். டீ டம்ளர்களை எடுத்துக்கொண்டிருந்த நானும் தட்ட வேண்டியதாயிற்று. அதே கையால்தான் தட்டினேன்.

மிட்டாய்கூட யாரும் தரல. சத்தியமா தரல.

ஜூலை 13, ஞாயிறு

அத்தைக்குத் தெரியும்.

அவள் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறாள். குழந்தைகளுக்கு ஊசி குத்திவிட்டு ஒட்டுகிற மீன் பேண்டேஜ் அங்கிருந்து வந்ததுதான். அந்தச் சனிக்கிழமை காலை காம்பஸ் குத்திய என் விரலில் ஒட்டிவிட்டதும் அவளேதான். இதை எப்படி மறந்தேன்?

துணி மடித்துக்கொண்டிருந்தபோது என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள்.

“நாள் முழுக்க விரல் பாக்கறவ நான். சுவத்துல இருக்கறதை முதல் நாளே பாத்துட்டேன்.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. பச்சையைப் பற்றிச் சொன்னேன். குளறிக் குளறிச் சொன்னேன்.

“அடியே, பச்சைன்னா போ, சிவப்புன்னா நில்லு. சிக்னல் கணக்கு போட்டிருக்காங்க. நீ செடி கணக்கு போட்டிருக்கே.”

“அப்பாகிட்ட சொல்லிடுவியா?”

“அண்ணன் கேட்டா பொய் சொல்ல மாட்டேன். கேக்கற வரைக்கும் எனக்கு வேற வேலை இருக்கு. ஷூவுக்குள்ள இருக்கற டப்பாவை எடுத்துடு, நாத்தம் பிடிச்சிடும்.”

இது என் பக்கமா, இல்லையா?

ஜூலை 16, புதன்

குச்சியிடம் கேட்டேன். (என் பக்கத்து பெஞ்ச். ஒல்லியாக இருப்பாள். அவளும் அன்று வந்திருந்தாள்.) நீ ஏன்டி பச்சையை எங்க மைதானத்துல வச்சே?

“நீ வச்சே, நானும் வச்சேன். நாமதானே அங்க விளையாடறோம்.”

“பச்சைன்னா என்னன்னு தெரிஞ்சுதான் வச்சியா?”

“அந்தக்கா பேசும்போது நான் பிஸ்கட் எப்போ வரும்னு பாத்துட்டு இருந்தேன்.”

ஜூலை 19, சனி

இன்று எழுத நிறைய இருக்கிறது.

மண்டபம் நிறைந்திருந்தது. நான் கையைப் பாவாடைப் பைக்குள் விட்டுக்கொண்டு அப்பாவுக்குப் பின்னால் உட்கார்ந்தேன். அப்பா பிரசுரத்தை உயர்த்திக் காட்டி, “இந்தக் கை யாருது? இங்க பச்சை வச்சவங்க ஒருத்தராவது எழுந்திருச்சு சொல்லுங்க, ஏன் வச்சீங்கன்னு” என்றார்.

நான் எழுந்திருக்க நினைத்தேன். ஆனால் எழுந்திருக்கவில்லை.

அப்போது ஜெராக்ஸ் கடை அக்கா எழுந்தார். எங்கள் பக்கத்துத் தெருதான். “நான் வச்சேங்க. அதுல என்ன தப்பு? பசங்க விளையாடற இடம், பச்சையாவே இருக்கட்டும்னு வச்சேன்.”

வரைபட அக்கா கையில் இருந்த மைக் கீழே இறங்கியது. “பச்சையா இருக்கட்டும்னா?”

“பச்சைன்னா பச்சைதானேம்மா.”

பின்வரிசையில் ஒருவர், “நானும் அப்படி நினைச்சுத்தான் வச்சேன்” என்றார். இன்னொருவர். அப்புறம் ஒரு முழு வரிசை. யாரோ சிரிக்க ஆரம்பித்தார்கள். என்னுடையது முதல் பொட்டுதான், ஆனால் அவர்கள் என் பின்னால் வரவில்லை. எல்லோரும் தனித்தனியாக அதே தப்பைச் செய்திருக்கிறார்கள். ஊரிலேயே எல்லோருக்கும் பிடித்த இடத்தில் குப்பை நிலையம் வைக்க முடிவாகியிருக்கிறது, பிடித்த காரணத்தால்.

அப்பா பிரசுரத்தை மடித்துப் பைக்குள் வைத்தார்.

புது வரைபடம் விரித்தார்கள். இப்போது மஞ்சள் என்றால் வைக்கலாம், நீலம் என்றால் வேண்டாம். மூன்று முறை சொன்னார்கள். எங்கள் மைதானம் நீலமாகிவிட்டது. அவரவர் தெருவில் அவரவர் நீலம். கால்வாய்க்கு அந்தப் பக்கம் மட்டும் ஒரு நீலமும் இல்லை. அங்கிருந்து யாரும் வரவில்லை. மஞ்சள் எல்லாம் அங்கே போய் விழுந்தது.

அப்பாவும் அங்கேதான் வைத்தார். கட்டைவிரலால் நன்றாக அழுத்தினார்.

ஜூலை 20, ஞாயிறு

அப்பா எல்லோருக்கும் ஐஸ்கிரீம் வாங்கிக்கொடுத்தார். நான் சந்தோஷமாக இருக்க வேண்டும்.

கால்வாய்க்கு அந்தப் பக்கம்தான் குச்சியின் வீடு.

ஜூலை 22, செவ்வாய்

குச்சிக்குத் தெரிந்துவிட்டது. “எங்க வீட்டுப் பக்கம் வருதாமே. யார் வச்சாங்கன்னு உனக்குத் தெரியுமா?”

தெரியாது என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? அன்று என் கையை ஒளித்தேன். இன்று அப்பாவின் கையை ஒளிக்கிறேன். அப்பா தப்புப் பண்ணலையே. விதிமுறைப்படிதான் வைத்தார். அப்போ நான் மட்டும் ஏன் திருட்டு முழி முழிக்கிறேன்? குப்பை எங்கேயாவது போய்த்தானே ஆக வேண்டும்? எங்கே போனால் யாருக்கும் குச்சி என்று ஒருத்தி இருக்க மாட்டாள்?

“உங்க வீட்ல யாரும் ஏன் கூட்டத்துக்கு வரல?” என்று கேட்டேன்.

“என்ன கூட்டம்?”

பிரசுரம் கால்வாயைத் தாண்டிப் போகவே இல்லை.

ஜூலை 27, ஞாயிறு

கடைசிக் கூட்டம் ஆகஸ்ட் இரண்டாம் தேதி என்று நகரசபைப் பலகையில் போட்டிருக்கிறது. பந்து விளையாடப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, குச்சியுடன் கால்வாய் ஓரம் வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். ஒரு தாத்தா, “நீ எந்த வீட்டுப் பொண்ணு?” என்றார். கண்ணாடிக் கடை என்று சொல்ல வாய் வரவில்லை. பள்ளிக்கூடத்திலிருந்து வருகிறோம் என்றேன்.

அப்பாவுக்கு விரோதமாக ஏதாவது செய்கிறேனா? எனக்கே தெரியவில்லை.

ஆகஸ்ட் 2, சனி

வந்துவிட்டார்கள். உட்கார இடமில்லாமல் சுவரோரம் நின்றார்கள். மேசை முழுக்க நீலம், மஞ்சளே இல்லை.

“அப்போ ஊர்க் குப்பையை நான் என் வீட்டுக்கு எடுத்துட்டுப் போகட்டுமா?” என்றார் வரைபட அக்கா. கொஞ்சம் பேர் சிரித்தார்கள்.

குச்சியின் அம்மா என் அப்பாவைப் பார்த்துச் சொன்னார். “உங்க கடையிலதாங்க கண்ணாடி வாங்கினேன். நல்ல கண்ணாடி. அதைப் போட்டதுல இருந்து உங்க வீட்டுக் குப்பை எங்க வாசல்ல பளிச்சுனு தெரியுது.”

அப்பா தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு, “ஒரே இடத்துல எல்லாத்தையும் கொட்டணும்னு என்ன இருக்கு? நாலா பிரிச்சுச் சின்னச் சின்னதா வைங்க” என்றார்.

“அந்த நாலுல ஒண்ணு உங்க தெருவுக்கு வருமே, பரவாயில்லையா?” என்றார் வரைபட அக்கா.

எங்கள் தெருக்காரர்கள் அத்தனை பேரும் அப்பாவைப் பார்த்தார்கள்.

“மைதானத்து மூலைல வைங்க. மூலை மட்டும்தான். மிச்சம் பசங்களுக்கு.”

“யோவ், என்னய்யா சொல்றே?” என்று யாரோ கத்தினார்கள். அப்புறம் ஒரே சத்தம். இன்னும் எதுவும் முடிவாகவில்லை. ஆனால் மறுபடி வரைபடம் விரித்தார்கள். வரைபட அக்கா என்னைப் பார்த்துவிட்டார்.

“அட, மீன் கைப் பொண்ணு. இங்க வா, இந்தப் பொட்டுத் தட்டைப் பிடி. எந்த நிறத்துக்கு என்ன அர்த்தம்னு ஒவ்வொருத்தருக்கும் நீ சொல்லு. இந்தத் தடவை யாரும் தண்ணி பிடிக்கப் போகக் கூடாது.”

அப்பா என் பக்கத்திலேயே நின்றிருந்தார்.

தட்டைப் பிடித்திருந்த என் கையைப் பார்த்தார். பூதக்கண்ணாடி இல்லாமல். கட்டைவிரலில் காம்பஸ் குத்திய தழும்பு சின்னதாகத்தான் இருக்கிறது.

இப்போது வீட்டில் அத்தைக்குக் குறட்டை வந்துவிட்டது. எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

காலையில் எழுந்து பார்த்தால் சுவரில் கை இல்லை. பசை மட்டும் நாலு மூலையிலும் ஒட்டிக்கொண்டிருந்தது.

மத்தியானம் அப்பா கடையிலிருந்து கட்டைவிரலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தார். லென்ஸ் தேய்க்கும்போது கீறிவிட்டதாம். அம்மா பஞ்சு எடுக்க உள்ளே போனாள். அப்பா என் முன்னால் வந்து உட்கார்ந்து கையை நீட்டினார்.

“மீன் போட்டது இருக்குமே. அதுல ஒண்ணு எடுத்துட்டு வா பாப்பா.”

எடுத்து வந்து ஒட்டிவிட்டேன். லேசாக ஷூ நாற்றம் அடித்தது.