நீங்கள் பிடித்துவிட்ட கழுத்து

இன்று காலை கழுத்து வலிக்காக ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கே இருந்த பெண் தைலத்தைத் தொட்டு என் பிடரியில் கட்டைவிரலை வைத்து அழுத்தினாள். "தோள லூஸா வுடுங்கம்மா" என்றாள். எனக்குக் கண் கலங்கியது. வலிக்கிறது என்று நினைத்துக் கையை எடுத்துவிட்டாள். உங்களை நினைத்தேன் என்று அவளிடம் எப்படிச் சொல்ல?

அறுபதுகளில் நீங்கள் செஞ்சியிலிருந்து திண்டிவனத்துக்கு பஸ் ஓட்டினீர்கள். அந்தக் கால ஸ்டியரிங்கை வளைப்பதற்குள் தோள் கழன்றுவிடும். நமக்குக் கல்யாணமான மறு வருஷம் உங்கள் கழுத்து பிடித்துக்கொண்டது. பக்கவாட்டில் பார்க்க உடம்பையே திருப்புவீர்கள். முதலாளிக்குத் தெரிந்தால் வண்டி வேறு ஆளுக்குப் போய்விடும் என்று வெளியே சொல்லவில்லை. கடைத்தெருவில் ஒருவர் கழுத்துக்குச் சொடுக்கு எடுத்துவிடுவதாகச் சொன்னபோது நான்தான் அழுது தடுத்தேன்.

பிறகு தினமும் விடியலில் நல்லெண்ணெயைச் சூடு காட்டி, உங்களை அடுப்படியில் உட்காரவைத்துக் கழுத்தையும் தோளையும் மெல்ல உருவிவிட்டேன். ஒருநாள் நான் கூப்பிட்டதும் சட்டென்று திரும்பினீர்கள். திரும்பியது உங்களுக்கே அப்புறம்தான் தெரிந்தது. இருவரும் சிரித்தோம்.

மூத்தவள் பிறந்த பிறகு, குடம் சுமந்து சுமந்து எனக்கும் கழுத்து வலித்தது. நான் சொல்லாமலே கண்டுகொண்டீர்கள். உங்கள் அம்மா மேல்சித்தாமூர் போயிருந்த ஒரு மத்தியானம் என்னை உட்காரச் சொன்னீர்கள்.

"பாக்கறவங்க இன்னா சொல்லுவாங்க?"

"பாக்கறவங்களா வந்து கொடம் தூக்கறாங்க? உக்காரு."

முதலில் ஸ்டியரிங்கைப் பிடித்த பிடிதான். கொஞ்ச நேரத்தில் உங்கள் கை பழகிக்கொண்டது. கண்ணை மூடினேன். அப்போது பக்கத்து வீட்டு அக்கா மோர் கேட்டு உள்ளே வந்தாள். பார்த்தாள், வாயைப் பொத்திக்கொண்டு போய்விட்டாள். சாயங்காலத்துக்குள் தெருவெல்லாம் பேச்சு. பஸ் ஸ்டாண்டில் உங்களைக் கிண்டல் செய்தார்கள். திரும்பி வந்த அத்தை சோற்றைப் போட்டுக்கொண்டே, "பொண்டாட்டிக்குக் கழுத்து புடிக்கறவன்னு ஊர்ல பேராயிடுச்சி" என்றார். நீங்கள் குனிந்த தலையோடு சாப்பிட்டு எழுந்தீர்கள். அதன்பின் நீங்களும் கூப்பிடவில்லை, நானும் கேட்கவில்லை.

அத்தை காலமானார். பிள்ளைகள் வேலைக்கென்று ஊரைவிட்டுப் போனார்கள். நாம் இருவர் மட்டும் இருந்த வீட்டில், எனக்கு வலித்தால் மாத்திரை வாங்கி வந்து கொடுத்தீர்கள். பார்க்க யாருமில்லாதபோதும் அந்தக் கூச்சம் நம்மை விடவில்லை.

கடைசியில் உங்களுக்குப் பேச்சு நின்றுபோயிற்று. ஒருநாள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் உங்கள் தலையணையைச் சரிசெய்யக் குனிந்தேன். உங்கள் கை எழுந்து என் பிடரியில் வந்து படிந்தது. நர்ஸ் உள்ளே வந்தாள். நான் நிமிரவில்லை.

அந்தக் கையின் சூடு என்னோடு இருக்கிறது. நடுவில் கேட்காமலே விட்ட வருஷங்களும்தான்.