பிடியரிசி

நவம்பர் 9, ஞாயிறு.

ஒடிசா மலைக்கிராமங்களில் முப்பது வருடம் ஊழியம் செய்த சித்திக்கு இன்று சபையில் நினைவு ஆராதனை. "அவங்கள தாங்கினது இந்த வீட்டுப் பிடியரிசியாக்கும்" என்று போதகர் என்னைக் காட்டிச் சொன்னார். தலைகுனிந்து நின்றேன். அடக்கம் என்று நினைத்திருப்பார்கள்.

சோறு வைக்கும்போதெல்லாம் ஊழியத்துக்கென்று ஒரு பிடி அரிசி எடுத்து வைப்பது எங்கள் சபை வழக்கம். எங்கள் உலைக்கு நாகர்கோவிலில் பார்த்து வாங்கிய நல்ல சிவப்பு மட்டை அரிசி. காணிக்கைப் பானைக்கு ரேஷன் அரிசி.

கடைசியாக விடுப்பில் வந்தபோது சித்தி அதைப் பார்த்துவிட்டாள். "எனக்கும் அந்தக் காணிக்கை அரிசியிலயே சோறு வை மக்கா" என்றாள். இருந்த பத்து நாளும் அதையே சாப்பிட்டாள். நானும் வைத்துக் கொடுத்தேன்.

இன்று ஆராதனை முடிந்து வந்து உலை வைத்தேன். காணிக்கைப் பிடி எடுக்கக் கை தானாக ரேஷன் மூட்டைக்குள் போனது.